கடலைக்கொடியின் நைட்ரஜன் எங்கிருந்து வந்தது?

(சற்றே நீண்ட பதிவு. மண்ணியல், பயிரியல், வேளாண் வரலாறு பயிலும் மாணவ நண்பர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

வேளாண் பாடநூல்களில் ஒரு வாக்கியம் தலைமுறை தலைமுறையாக இடம்பெற்று வருகிறது: நிலக்கடலை பயிரிட்டால் மண் வளமாகும். காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகள் பிடித்து நிலத்தில் சேர்க்கின்றன என்பது அதற்குக் கூறப்படும் காரணம். சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் செம்மண் காடுகளில் கடலை பிடுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இவ்வாக்கியத்தின்மீது ஓர் ஐயம் எழுந்திருக்க வேண்டும். செடி வேரோடு பிடுங்கப்படுகிறது. காய் ஆய்ந்தெடுக்கப்படுகிறது. கொடி கட்டுக்கட்டாகக் களத்திற்கும், பிறகு மாட்டுக் கொட்டகைக்கும் போய்ச்சேருகிறது. நிலத்தில் எஞ்சுபவை அறுபட்ட வேர்த்துண்டுகளும் உதிர்ந்த இலைகளுமே. இவ்வளவும் வெளியேறிய பின் மண் வளமாவது எவ்வாறு?

விடை ஓர் எண்ணைச் சார்ந்தது. செடியின் உடலிலுள்ள நைட்ரஜனில் எத்தனை பங்கு காற்றிலிருந்து வந்தது, எத்தனை பங்கு மண்ணிலிருந்து வந்தது என்பதே அவ்வெண். தராசு அதைக் காட்டாது. வேதிப் பகுப்பாய்வும் காட்டாது. காற்றிலிருந்து வந்த நைட்ரஜனும் மண்ணிலிருந்து வந்த நைட்ரஜனும் வேதியியலுக்கு ஒன்றே. அவ்விரண்டையும் பிரித்தறியும் வழி பிறந்த வரலாறும், அந்த வழி ஆந்திரத்தின் கடலைக் காடுகளுக்கு வந்துசேர்ந்து பாதிவழியில் நின்ற வரலாறும் இப்பதிவின் பொருள்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சில சொற்கள். இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பெரும்பகுதி, 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு நகர்ந்தபோதும் பயிர் எல்லை பார்க்கவில்லை. தமிழ்ப் பக்கம் மல்லாட்டை என்றும் மணிலாக்கொட்டை என்றும் வழங்கும் கடலையே தெலுங்குப் பக்கம் வேருசனக. இராயலசீமையின் மானாவாரி நிலங்களைப் பல பத்தாண்டுகள் ஆண்ட டி.எம்.வி. 2 என்னும் வகை, குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டு 1940இல் திண்டிவனத்திலிருந்து வெளியிடப்பட்டது. குடியாத்தம் சித்தூருக்கு மிக அருகிலுள்ள ஊர். பக்கத்து ஊரின் விதை திண்டிவனம் சென்று பெயர் பெற்றுத் திரும்பி வந்த கதை அது.

கடலைக்கு வேர்முடிச்சு உண்டு என்பதும் முடிச்சு நைட்ரஜனைப் பிடிக்கும் என்பதும் பழைய செய்திகள். 1886இல் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் அவருடன் பணியாற்றிய வில்ஃபார்த்தும், பயறுவகைச் செடிகள் முடிச்சுகளின் துணையால் காற்று நைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன என்று அறிவித்தனர். விரிவான நூல் 1888இல் வெளிவந்தது. அதே 1888இல் டச்சு நுண்ணுயிரியலாளர் பைஜெரிங்க் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். யெல்டால் 1883இல் வகுத்த முறையால் செடியிலுள்ள மொத்த நைட்ரஜனை அளக்கவும் முடிந்தது. எனவே ஒரு கணக்கு எளிதாகத் தோன்றியது. பயறுச்செடியையும் அருகே ஒரு தானியச் செடியையும் வளர்க்க வேண்டும். இரண்டின் மொத்த நைட்ரஜனையும் அளந்து கழிக்க வேண்டும். மிகுதி காற்றின் கொடை. இதற்கு வேறுபாட்டு முறை என்று பெயர்.

இம்முறையின் குறை அதன் எளிமையிலேயே உள்ளது. சோளத்தின் வேரும் கடலையின் வேரும் மண்ணிலிருந்து ஒரே அளவு நைட்ரஜனை எடுக்கும் என்று அது கருதிக்கொள்கிறது. சோளம் ஆழமாக வேர்விடும். நைட்ரஜனை விரைந்து உறிஞ்சும். கடலை அவ்வாறு செய்யாது. ஆகவே வரும் எண், காற்றின் கொடையையும் இரு வேர்களின் பசி வேறுபாட்டையும் கலந்து தரும் எண். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உலகம் இந்தக் கலவையை வைத்தே பேசிக்கொண்டிருந்தது.

பிரித்தறியும் கருவி இயற்பியலிலிருந்து வந்தது. நைட்ரஜன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் நிறை 14. காற்றில் ஏறத்தாழ 273 அணுக்களுக்கு ஒன்று மட்டும் நிறை 15 உடையது. கதிர்வீச்சு இல்லை, சிதைவு இல்லை. எடை மட்டுமே சற்று மிகுதி. அதனால்தான் இதை நிலையான ஐசோடோப்பு என்கிறோம். இந்த நைட்ரஜன்-15 இருப்பது 1929இல் கண்டறியப்பட்டது. கார்பன்-13 அறியப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1930களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு யூரே கனமான நைட்ரஜனைச் செறிவூட்டிப் பெறும் வழியை உருவாக்கினார். அவருடைய ஆய்வகத்தில் பயிற்சி பெற்ற ராபர்ட் பர்ரிஸ், 1941இல் மில்லருடன் சேர்ந்து, மண்வாழ் பாக்டீரியாவான அசோட்டோபாக்டருக்குக் கனமான நைட்ரஜன் வளிமத்தைக் கொடுத்து, அது உயிரியின் உடலில் சேர்வதைக் காட்டினார். காற்றிலிருந்து உயிருக்குள் சென்ற அணுவைத் தடம்பிடிக்க முடிந்தது.

இங்கே நம்மவர் எழுதும் அறிமுகக் கட்டுரைகளில் ஒரு தாவல் நிகழ்வதுண்டு. ‘பிறகு இம்முறை வேளாண்மையிலும் பயன்பட்டது’ என்று ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். கண்ணாடிக் குடுவையிலிருந்து வயலுக்கு வருவதுதான் கடினமான பயணம். திறந்த வயலின் காற்றை எவராலும் நிறமேற்ற முடியாது. ஆகவே கேள்வி தலைகீழாகத் திருப்பப்பட்டது: மண்ணுக்கு நிறமேற்றுவோம். மக்காலிஃப் குழுவினர் 1958இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வழி உருப்பெற்றது. கனமான நைட்ரஜன் செறிந்த அம்மோனியம் சல்ஃபேட்டைச் சிறிதளவு மண்ணில் இடுவார்கள். மண்ணை மட்டும் நம்பி வாழும் துணைச்செடி அந்த ‘நிறத்தை’ முழுதாகக் காட்டும். பயறுச்செடியிலோ காற்றின் சாதாரண நைட்ரஜன் கலந்து நிறம் வெளிறும். துணைச்செடியின் மிகைச் செறிவு ஒன்று என்று கொள்வோம். கடலையின் மிகைச் செறிவு 0.4 ஆனால், மண்ணின் பங்கு 40 விழுக்காடு, காற்றின் பங்கு 60 விழுக்காடு. பால் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்த்து, ஊற்றிய நீரின் அளவைச் சொல்வது போன்றது இது. ஐசோடோப்பு நீர்த்தல் முறை என்னும் பெயரும் அதனால் வந்ததே.

இம்முறைக்குத் துணைச்செடி எடுத்த நைட்ரஜனின் மொத்த அளவு தேவையில்லை. செறிவு மட்டும் போதும். வேறுபாட்டு முறையின் பெரிய குறை இவ்வாறு நீங்கியது. ஆனால் வேறொரு குறை அதே இடத்தில் வந்து அமர்ந்தது. மண்ணிலிட்ட கனமான நைட்ரஜன் நாள்தோறும் குறைகிறது. மேல்மண்ணில் மிகுந்தும் ஆழத்தில் குறைந்தும் இருக்கிறது. துணைச்செடி முதல் மாதத்திலேயே ஆழமாக உறிஞ்சி முடித்துவிட, கடலை மூன்றாம் மாதத்திலும் மேல்மண்ணில் உறிஞ்சிக்கொண்டிருந்தால், இரண்டும் ஒரே நிறத்தைப் பார்த்தன என்று சொல்ல முடியாது. நிறைமாலைமானி நான்கு தசம இடம்வரை துல்லியமான எண் தரலாம். அவ்வெண்ணின் உண்மையோ பக்கத்தில் நின்ற துணைச்செடியின் பொருத்தத்தைச் சார்ந்தது. என் கருத்தில், பயிர்களில் நைட்ரஜன்-15 ஆய்வின் வரலாறு பெரும்பாலும் பொருத்தமான துணையைத் தேடிய வரலாறே. கருவிகளின் வரலாறாக மட்டும் அதை எழுதுவோர் மையத்தைத் தவறவிடுகின்றனர்.

கடலைக்கு மிகப் பொருத்தமான துணை எது? கடலையேதான். ஆனால் முடிச்சிடாத கடலை. அப்படியொரு செடியை யாரும் வேண்டிப் படைக்கவில்லை. அது தானாக வந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் கார்பெட், பர்ட்டன் ஆகியோர் முடிச்சிடாத நிலக்கடலை ஒன்றை 1979இல் அறிவித்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் ஐதராபாத்துக்கு அருகே பட்டஞ்சேருவில் இயங்கும் இக்ரிசாட் நிறுவனத்தின் வயல்களிலும் அத்தகைய செடிகள் தோன்றின. 1972இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் 1976இல்தான் நிலக்கடலையைத் தன் பயிர்ப் பட்டியலில் சேர்த்தது. பல நாட்டு வகைகளை ஒன்றோடொன்று கலந்து பெற்ற வழித்தோன்றல்களிடையே, இலை வெளிறி வளர்ச்சி குன்றிய சில செடிகள் நின்றன. பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு இல்லை. தாய்ச்செடிக்கும் தந்தைச்செடிக்கும் முடிச்சு உண்டு, பேரக்குழந்தைக்கு இல்லை. நிகம், அருணாசலம், கிப்பன்ஸ், பந்தோபாத்யாய, நம்பியார் ஆகியோர் 1980இல் இதன் மரபியலை விளக்கினர். இரண்டு மரபணுக்கள் உள்ளன. அவற்றில் ஒன்று செயல்பட்டாலும் முடிச்சு உண்டாகும். இரண்டும் ஒடுங்கிய நிலையில் சேர்ந்த செடிக்கு மட்டும் முடிச்சு இல்லை.

பயிர்ப்பெருக்க வயலில் இத்தகைய வெளிறிய செடி களையெடுத்து எறியப்பட வேண்டியது. அதை எறியாமல் விதை எடுத்து வைத்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். விளைச்சலுக்கு உதவாத அச்செடி அளவீட்டிற்கு விலைமதிப்பற்றது. அதன் வேர் கடலையின் வேர். பருவம் கடலையின் பருவம். உறிஞ்சும் ஆழம் கடலையின் ஆழம். காற்றின் பங்கு மட்டும் சுழியம். 1987இல் கில்லர், நம்பியார், சீனிவாசராவ், டார்ட், டே ஆகியோர் நைட்ரஜன்-15 நீர்த்தல் முறையால் கடலை வகைகளின் நைட்ரஜன் பிடிப்பை ஒப்பிட்டு எழுதினர். 1990இல் ஜப்பானியரான யோனெயாமாவும் இக்ரிசாட் ஆய்வாளர்களும், மண்ணில் எதையும் இடாமல், இயற்கையிலேயே உள்ள மிக நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு மூன்று பயறுவகைகளையும் இரண்டு தானியங்களையும் ஆராய்ந்தனர். மண்ணின் நைட்ரஜன் பொதுவாகக் காற்றினதைவிட ஆயிரத்தில் சில பங்கு கனமானது. அச்சிறு வேறுபாடே இங்குத் தடயம். செலவு குறைவு, ஆனால் தவறும் இடம் மிகுதி.

துணைச்செடிச் சிக்கல் முடிச்சிடாத கடலையோடு முற்றுப்பெறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நைட்ரஜன் குறைந்த செம்மண்ணில் அச்செடி பட்டினியால் குன்றுகிறது. குன்றிய செடியின் வேர் முழு வளர்ச்சி பெற்ற செடியின் வேர்போல் பரவாது. ஆகவே நல்ல மண்ணில் அது சிறந்த துணை. ஏழை மண்ணில், அதாவது நமக்கு விடை மிகவும் தேவைப்படும் மண்ணில், சற்றுத் தளர்ந்த துணை.

இனி அந்த விழுக்காட்டின் பொருளைப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க வட்டமான எண்களை எடுத்துக்கொள்கிறேன். இவை எடுத்துக்காட்டு மட்டுமே. ஓர் எக்டேரில் ஒரு டன் காய் விளைகிறது. காயிலும் தோட்டிலும் 36 கிலோ நைட்ரஜன், கொடியில் 24 கிலோ, ஆக 60 கிலோ. இதில் காற்றின் பங்கு 60 விழுக்காடு எனில் 36 கிலோ காற்றினுடையது, 24 கிலோ மண்ணினுடையது. காயை விற்று, கொடியை மண்ணிலேயே மடக்கி உழுதால் வரவும் செலவும் சமம். கொடியையும் கொண்டுசென்றால் மண் 24 கிலோ இழக்கிறது. காற்றின் பங்கு 80 விழுக்காடாக உயர்ந்தாலும், முழுச்செடியும் வெளியேறும் வரை மண்ணுக்கு இழப்பே. 24க்குப் பதில் 12. மண்ணில் தங்கும் வேரும் சருகும் இக்கணக்கைச் சற்று மாற்றும். திசையை மாற்றிவிடும் என்று எளிதில் சொல்ல இயலாது. கடலை மண்ணை வளப்படுத்தும் என்ற வாக்கியம் பொய்யன்று. ‘கொடி நிலத்திற்குத் திரும்பினால்’ என்னும் பாதி அதிலிருந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது.

சித்தூர் மாவட்டத்தில் கொடி திரும்புவதில்லை என்பதற்கு வலுவான காரணம் உண்டு. கறவை மாடு வளர்ப்பு ஆழமாக வேரூன்றிய வட்டாரம் இது. மழை பொய்க்கும் ஆண்டில் காய் கைவிட்டாலும் கொடி கைவிடாது, மாடு பிழைக்கும். மாட்டின் சாணமாக அந்த நைட்ரஜன் ஒரு பகுதி மீள்கிறது. ஆனால் எங்கே மீள்கிறது? வீட்டுக்கு அருகிலுள்ள கிணற்றுப் பாசன நிலத்திற்கும் தோட்டத்திற்கும் எரு முதலில் போகும். தொலைவிலுள்ள மானாவாரிக் காட்டிற்குக் கடைசியில்தான், அதுவும் மிஞ்சினால். ஆகவே கடலைக்காடு காற்றிலிருந்து பெற்றதோடு தன் மண்ணினதையும் சேர்த்து ஊருக்குள் அனுப்புகிறது. வளம் ஒரே ஊரில் ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்திற்கு மாட்டின் வயிறு வழியாக இடம்பெயர்கிறது. வேளாண் வரலாறு எழுதுவோர் நில உரிமையையும் வரியையும் கணக்கிடும் அளவுக்கு இந்தப் போக்குவரத்தையும் கணக்கிட்டால் நன்று.

மற்றொரு ஐசோடோப்பின் கதை இதற்குள் திருப்பதிக்கு நேராகவே வந்துசேர்ந்தது. கார்பன்-13 என்பது கார்பன் அணுக்களில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு. இலைக்குள் கரியமிலவாயுவைப் பிணைக்கும் நொதி, இலேசான கார்பன்-12ஐயே விரும்பும். சித்தூர் மாங்காய் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குவியல் பெரிதாக இருக்கும்போது வாங்குபவர் பொறுக்கியெடுப்பார். குவியல் சிறுத்துவிட்டால் கிடைத்ததை எடுத்துக்கொள்வார். இலைத்துளை அகலத் திறந்திருந்தால் உள்ளே வளிமம் மிகுதி, நொதி பொறுக்கியெடுக்கும். துளை குறுகினால் உள்ளிருப்புக் குறையும், நொதி கனமானதையும் ஏற்கும். ஆகவே உலர்ந்த இலைத்தூளில் கார்பன்-13 எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பது, பருவம் முழுவதும் செடி நீரை எவ்வளவு சிக்கனமாகச் செலவிட்டது என்பதன் குறிப்பேடு. ஃபார்க்கர், ஓ’லியரி, பெர்ரி ஆகியோர் 1982இல் இதன் கோட்பாட்டை வகுத்தனர். ஹுபிக், ஃபார்க்கர், ஷார்ட்டர் ஆகியோர் 1986இல் அது நிலக்கடலையில் பொருந்துவதைக் காட்டினர்.

மழை பார்த்து விதைக்கும் வட்டாரத்திற்கு இது எத்தகைய செய்தி என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான செடிகளை நிறைமாலைமானியில் இடும் பொருள்வளம் எந்தப் பயிர்ப்பெருக்கத் திட்டத்திற்கும் இல்லை. நாகேஸ்வர ராவ், ரைட் ஆகியோர் தடித்த இலைகள் கார்பன்-13ஐக் குறைவாக ஒதுக்குகின்றன என்றும், இவ்வுறவு பல சூழல்களிலும் நிலைக்கிறது என்றும் 1994இல் எழுதினர். இலையின் பரப்பையும் எடையையும் அளந்தாலே போதும் என்றாயிற்று. 2001இல் அதையும் சுருக்கி, பச்சையத்தை நொடியில் காட்டும் கையடக்க ஸ்பேட் மானியே மதிப்பீட்டிற்கு உதவும் என்று காட்டப்பட்டது. 1990களின் இறுதியில் ஆஸ்திரேலியப் பன்னாட்டு வேளாண் ஆய்வு மையத்தின் துணையுடன் நடந்த வறட்சிக் கடலைத் திட்டத்தில், இக்ரிசாட்டுடன் திருப்பதி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையமும் பங்கேற்றது. இக்குணங்களைப் பார்த்துத் தெரிந்தெடுத்த வழிகளும், விளைச்சலை மட்டும் பார்த்துத் தெரிந்தெடுத்த வழிகளும் பல இடங்களில் ஒப்பிடப்பட்டன. 2005இல் நிகம் குழுவினர் வெளியிட்ட முடிவு அடக்கமானது: குணம் பார்த்த தேர்வு, விளைச்சல் பார்த்த தேர்வை எங்கும் எப்போதும் விஞ்சவில்லை. இதைத் தோல்வி என்று எழுதுவோர் உண்டு. வயலில் நின்று கண்ணாலும் கையாலும் தெரிந்தெடுத்த பழைய பயிர்ப்பெருக்க அறிவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஐசோடோப்பு தந்த சான்றாகவே நான் அதைப் படிக்கிறேன்.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. கார்பன்-13 ஆய்வகத்திலிருந்து புறப்பட்டு, இலைத்தடிமன், பச்சையமானி என்று உருமாறி, பயிர்ப்பெருக்க வயலின் அன்றாடப் பழக்கத்திற்குள் நுழைந்தது. நைட்ரஜன்-15 அவ்வாறு நுழையவில்லை. அது பெரும்பாலும் ஆய்விதழ்களிலேயே தங்கிவிட்டது. ஏன்?

நீரைச் சிக்கனமாகச் செலவிடுவது செடி தனித்துச் செய்யும் செயல். அக்குணத்தை விதையில் அடைக்கலாம், பெயரிடலாம், வெளியிடலாம். நைட்ரஜனைப் பிடிப்பது செடியும் நுண்ணுயிரும் மண்ணும் சேர்ந்து செய்யும் செயல். அதை எந்த விதைப்பையும் முழுதாகக் கொள்ளாது. இதற்கு இவ்வட்டாரத்திலேயே ஒரு சான்று உண்டு. இக்ரிசாட்டில் நம்பியாரும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்த என்.சி. 92 என்னும் ரைசோபியக் கூறு, ராபட் 33-1 என்னும் கடலை வகையோடு சேர்ந்தபோது பல சோதனைகளில் விளைச்சலை உயர்த்தியது. அந்த ராபட் 33-1தான் சித்தூரை அடுத்த கதிரியின் பெயரால் கதிரி 3 என்று ஆந்திரத்தில் பரவிய வகை. வகை பரவியது, பாக்டீரியா அதனோடு அவ்வாறு பரவவில்லை. விதை உழவர் கையிலிருந்து உழவர் கைக்கு மூட்டையில் போகும். பாக்டீரியா வெயிலில் சாகும். சாகாமல் வந்துசேர்ந்தாலும், மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் நாட்டு ரைசோபியங்களோடு போட்டியிட வேண்டும். கடலை யாரையும் எளிதில் ஏற்கும் செடி. பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடத்தின் பிளவு வழியே பாக்டீரியா நுழைந்துவிடும். விருந்தினரைத் தெரிந்தெடுக்காத வீட்டில் சிறந்த விருந்தினருக்கு முன்னுரிமை கிடைப்பதில்லை. (இடையே ஒரு செய்தி: சேசாசலம் மலையின் செம்மரமும் கடலையும் பயறுக் குடும்பத்தில் ஒரே கிளையைச் சேர்ந்தவை. அக்கிளையின் முடிச்சுகளுக்கெனத் தனி அமைப்பே உண்டு. மலை மேலும் கீழும் உறவினர்கள்.)

மண்ணுயிர் தீங்கு செய்யும்போது நிலைமை வேறு. 1975-76 வாக்கில் காளஹஸ்திப் பகுதியில் கடலைக்காய்கள் கறுத்துச் சிறுத்தன. காரணம் ஒரு நூற்புழு என்று தெரிந்தது. அந்நோய்க்கே காளஹஸ்தி நோய் என்று பெயராயிற்று. திருப்பதி நிலையம் திருப்பதி 3, காளஹஸ்தி முதலிய எதிர்ப்பு வகைகளைத் தந்தது. தீங்கைத் தடுக்கும் குணம் விதையில் அடங்கியது. நன்மையைக் கூட்டும் உறவு அடங்கவில்லை.

திருப்பதி நிலையத்திலேயே இக்கேள்வியை மீண்டும் எழுப்புவதற்கேற்ற ஓரிடம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டுக் காரிஃப் பருவத்திலிருந்து அங்கே மானாவாரிக் கடலையை மட்டுமே ஆண்டுதோறும் பயிரிடும் நெடுங்கால உரச்சோதனை நடந்துவருகிறது. எதுவும் இடாத பாத்தியும் தொழுவுரம் இட்ட பாத்தியும் வெவ்வேறு உரச் சேர்க்கைகள் இட்ட பாத்திகளும் ஒரே செம்மண்ணில் அருகருகே உள்ளன. எதுவும் இடாத பாத்தியில் நாற்பதாண்டுகளுக்கு மேலாகக் காயோடு வெளியேறிய நைட்ரஜனில் காற்று எவ்வளவு ஈடுசெய்தது? தொழுவுரம் முடிச்சுக்குத் துணையாகிறதா, அல்லது எளிதில் கிடைக்கும் நைட்ரஜனைத் தந்து அதைச் சோம்பலாக்குகிறதா? மொத்த நைட்ரஜனை மட்டும் அளந்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஒரு பாத்தியின் மண் ஏழையாவதைத் தராசு காட்டும். யார் கொடுத்தது, யார் எடுத்தது என்பதை நைட்ரஜன்-15 மட்டுமே காட்டும்.

கடலைக்காடுகள் மாந்தோப்புகளாக மாறிவரும் இக்காலத்திற்குக் கார்பன்-13 இன்னொரு வகையில் பயன்படும். கேழ்வரகும் கரும்பும் சோளமும் ஒளிச்சேர்க்கையில் ஒரு வழியைப் பின்பற்றுபவை. அவற்றின் கார்பன், அளவுகோலில் ஆயிரத்துக்குக் கழித்தல் 12 அல்லது 13ஐ ஒட்டி நிற்கும். மாவும் கடலையும் வேறு வழி. அவை கழித்தல் 27ஐ ஒட்டியவை. பிரான்சில் பலெதாங், மரியோத்தி, கியே ஆகியோர் 1987இல், கோதுமை நிலம் மக்காச்சோளத்திற்கு மாறியதைக் கொண்டு, மண்ணிலுள்ள பழைய கரிமத்தையும் புதியதையும் பிரித்துக் கணக்கிட்டனர். சித்தூரில் கேழ்வரகுக் கொல்லையும் கரும்புத் தோட்டமும் தோத்தாபுரி மாந்தோப்பாக மாறும் ஒவ்வொரு நிலமும், யாரும் திட்டமிடாமல் தானே நடந்துகொண்டிருக்கும் அதே சோதனைதான். தோப்பின் வயது உழவருக்குத் தெரியும். வேலிக்கு அப்பால் இன்னும் கேழ்வரகு விளையும் நிலமும் பல ஊர்களில் உண்டு. ஆனால் கடலைக்காடு மாந்தோப்பான நிலத்தில் இக்கடிகாரம் ஓடாது. இரண்டின் கார்பனும் ஒரே குறியுடையவை. நிலத்தின் பயிர் வரலாற்றை முதலில் கேட்டறியாமல் மண்ணை மட்டும் அள்ளிவரும் மாணவருக்கு எண் கிடைக்கும். அதைப் படிக்கும் திறவுகோல் கிடைக்காது.

களப்பணிக்குப் புறப்படும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடலையின் இலையை மட்டும் பறித்துவராதீர்கள். அதே பாத்தியில், அதே நாளில், ஏறத்தாழ அதே அளவு வேர்விட்ட, பயறுக் குடும்பம் சாராத களைச்செடிகள் மூன்று நான்கு வகைகளையும் பறித்துத் தனித்தனி உறையிலிடுங்கள். முடிச்சிடாத கடலை விதை கிடைத்தால் ஒரு வரிசை ஊன்றுங்கள். அந்நிலத்திற்குக் கடைசியாக எரு எப்போது சென்றது, யூரியா இட்டார்களா, கொடி எங்கே போகிறது என்று நிலத்துக்காரரிடம் கேட்டு உறையின் மேலேயே எழுதுங்கள். தொழுவுரம் மண் நைட்ரஜனைச் சற்றுக் கனமாக்கும். யூரியாவின் நைட்ரஜன் காற்றினதை ஒத்திருப்பதால் கடலை பிடிக்காததையும் பிடித்ததுபோல் காட்டிவிடும். நிறைமாலைமானிக்குச் செல்லும் இலைத்தூள் சில மில்லிகிராம்தான்.